எழுப்பும் ஊசி

யானை குறட்டை விடும் என்பது பலருக்குத் தெரியாது. பெரிய சத்தமெல்லாம் கிடையாது. காலிக் குடத்துக்குள் யாரோ மூச்சு விடுவதைப் போல இருக்கும். முதல் தடவை கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். எங்கள் டிரைவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். "எங்க மாமியார் இதுக்கு மேல விடுவாங்க டாக்டரம்மா" என்பார். அந்தக் குறட்டை கேட்கிறவரை கவலைப்பட ஒன்றுமில்லை. அது நின்றால்தான் நாங்கள் ஓட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் காலையிலிருந்து கையுறையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கையுறை பழையதா, யார் வாங்கியது, கிழிந்திருந்ததை யாராவது பார்த்தார்களா என்று. எங்கள் ஆபீஸ் ஸ்டோரில் இருப்பவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். மனுஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வாங்கிக் கொடுத்தது நல்ல கையுறைதான். என் தம்பி சாவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தப்பான ஒன்றை அறிக்கையில் எழுதி மூடிவிட்டால் எனக்கு உறுத்தலாக இருக்கும். அதனால்தான் மறுபடியும் வந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை மருத்துவர். காட்டு யானைகள்தான் என் வேலை. காலில் கம்பி இறுக்கிய யானை, புண் சீழ் பிடித்த யானை, ஊருக்குப் பக்கத்தில் சுற்றுவதால் கழுத்தில் ரேடியோ காலர் மாட்ட வேண்டிய யானை என்று எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். துப்பாக்கியில் வைத்துச் சுடும் ஊசிக்கு நாங்கள் டார்ட் என்போம். பின்தொடையில் டார்ட் பாய்ந்ததும் யானை கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நடக்கும், பிறகு எதையோ மறந்துவிட்டதைப் போல நிற்கும், பிறகு சாயும். நெஞ்சு அமுங்கக் கவிழ்ந்து விழுந்தால் கயிறு போட்டு இழுத்துப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் எடையே அதை மூச்சு விடவிடாமல் நெரித்துவிடும். தும்பிக்கை நுனி அடைபடாமல் சின்னக் குச்சி வைக்க வேண்டும். வெயில் படாமல் காதை மடித்துக் கண்ணை மூட வேண்டும். உடம்பு சூடேறாமல் காதின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் காது நரம்பில் முறிமருந்தைப் போட்டால் எழுந்துவிடும். படுக்க வைப்பது கஷ்டமில்லை. சரியான நேரத்தில் எழுப்புவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு என் பெயர் பிரசித்தம். மயக்கத்திலேயே செத்துப்போன யானை என் கணக்கில் கிடையாது. மற்ற இடங்களிலிருந்து வந்து நான் செய்வதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் தம்பி அதே அலுவலகத்தில் வேலை பார்த்தான். காலர் அனுப்பும் சமிக்ஞைகளைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது அவன் வேலை. ஒவ்வொரு யானையும் அவன் திரையில் ஒரு புள்ளி. புள்ளி நகர்ந்தால் யானை நடக்கிறது. நின்றால் தூங்குகிறது அல்லது தின்கிறது. ரொம்ப நேரம் நின்றால் அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிவான். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனை நான்தான் வளர்த்தேன் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். சோறு போட்டேன், ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றபடி அவனாகத்தான் வளர்ந்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை ஒரு காரணமாக யாரும் எழுத வேண்டாம்.

காரணம் என்று ஒன்று வேண்டுமானால் அது ஒரு இளம் ஆண் யானையிடமிருந்து ஆரம்பிக்கிறது. காலில் கம்பி இறுக்கி எலும்புவரை போயிருந்தது. அதை எடுத்து, கழுவி, மருந்து வைத்து முடிக்கவே ரொம்ப நேரம் ஆனது. ஆட்களை எல்லாம் தூரப் போகச் சொல்லிவிட்டேன். எழுப்பும்போது கிட்டே யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. முறிமருந்து கையில் இருந்தது. போடுவதற்கு முன் ஒரு தடவை இதயத்தைக் கேட்போம் என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். பிறகு அதை எடுத்துவிட்டு என் காதையே வைத்தேன். நம் இதயம் இரண்டு தடவை அடிக்கிற நேரத்தில் அது நிதானமாக ஒரு தடவை அடிக்கும். தோல் கதகதப்பாக இருந்தது. சுற்றி யாருமில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய உயிர் என் கையை நம்பிப் படுத்திருக்கிறது என்று தோன்றியது. நம்பி என்பது சரியான சொல் இல்லைதான். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு அதை எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. எழுப்பினேன். அடுத்த யானையைக் கொஞ்சம் தாமதமாக எழுப்பினேன். அதற்கடுத்ததை இன்னும் தாமதமாக.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வேலை செய்துகொண்டுதான் இருந்தேன். இன்னொரு ரத்த மாதிரி, கண் பரிசோதனை, நகங்கள், பல், மறுபடியும் பாத அளவு. மயக்கம் தெளிகிற மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம் மருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. "டாக்டரம்மா எவ்வளவு பொறுமையா பாக்குறாங்க பாருங்க" என்றுதான் ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

அதிக நேரம் படுத்திருந்தால் யானைக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அடியில் இருக்கும் தசைகள் நசுங்கும். உடம்பு சூடேறும். நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். யானை எழுந்து நடந்து போய்விடும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து எங்கேயோ ஒரு புதருக்குள் படுக்கும். பிறகு எழுந்திருக்காது. சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் அதுதான் முதல் அடையாளம்.

அந்த நிறத்தை நான் பார்த்திருக்கிறேன். மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறேன்.

என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் மனைவி வழக்கம்போல என் தட்டில் எனக்கு வேண்டியதற்கு மேல் வைத்தாள். அவன் பெண் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் மட்டும் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். கை கழுவியதும், "அக்கா, கொஞ்சம் உள்ள வா" என்றான்.

உள்ளறையில் கட்டிலில் இஸ்திரி போடாத துணிகள் குவிந்திருந்தன. அவற்றை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். அவன் நின்றுகொண்டான்.

"நின்னுபோன புள்ளிகளை எல்லாம் எடுத்துப் பாத்தேன்க்கா. எல்லாம் நீ ரொம்ப நேரம் படுக்க வெச்ச யானைங்க."

"காலர் பழுதாகும்" என்றேன்.

"நேர்ல போய்ப் பாத்துட்டேன். சும்மா புள்ளியைப் பாத்துச் சொல்லல." போனை எடுத்தான். காட்டவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் காட்டினான். ஒரு பெண் யானை பக்கவாட்டில் கிடந்தது. அதன் வாய்ப்பக்கத்தில் ஒரு குட்டி நின்றது. "நான் போனப்பவும் நின்னுச்சு, மறுநாள் போனப்பவும் அங்கேயேதான் நின்னுச்சு. தும்பிக்கையால அம்மா வாயைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. என்னால முடியலக்கா."

நான் படத்தைப் பார்த்தேன். படம் தெளிவாக இல்லை.

"எல்லா வேலையும் முடிஞ்ச பிறகும் ஏன்க்கா எழுப்ப மாட்டேங்கற? ஒரே காலைத் திரும்பத் திரும்ப அளந்திருக்க. எதுக்கு?"

அவன் ஒதுக்கிய துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவனுக்குப் புரியாது என்று இல்லை. சொல்ல ஆரம்பித்தால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"டைரக்டர்கிட்ட நீயே சொல்லிடு" என்றான். "நான் போய்ச் சொன்னா காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நீ சொன்னா ஒண்ணும் பெரிசா பண்ண மாட்டாங்க. ஆபீஸ்ல உக்கார வெப்பாங்க. காட்டுக்குப் போக வேணாம், அவ்வளவுதான். உனக்கும் முட்டி வலி. நல்லதுதானே?"

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அவன் கெட்ட எண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்னதாக நீங்கள் எழுதக் கூடாது. என்னிடமிருந்து எதை எடுக்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் சரி என்றேன். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். மூவரும் குடித்தோம்.

ஆனால் டீச்சர் பாக்கி இருந்தது. டீச்சர் ஒரு கிழட்டுப் பெண் யானை. குட்டிகளை வரிசையாக நடத்திக்கொண்டு போகும், ஒன்று விலகினால் தும்பிக்கையால் ஒரு தட்டுத் தட்டும். அதனால் டிரைவர் வைத்த பெயர். அதற்குத் தோளில் ஒரு புண் சீழ் வைத்து வீங்கியிருந்தது. அதைத் திறந்து கழுவாவிட்டால் செத்துவிடும். அந்த வட்டாரத்தில் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது. தம்பி ரொம்ப யோசித்தான். கடைசியில், "இது ஒண்ணு மட்டும். நானும் வர்றேன். நேரத்தை நான் பாக்குறேன். எழுப்புன்னு சொன்னா எழுப்பிடணும்" என்றான்.

நான் அதற்கும் சரி என்றேன்.

அன்றைக்குக் காலையில் எல்லாமே ஒழுங்காக நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே டீச்சர் ஓடைக்கரையில் தனியாக அகப்பட்டது. டார்ட் சரியான இடத்தில் பாய்ந்தது. பக்கவாட்டில் நல்லபடியாகச் சாய்ந்தது. மற்ற யானைகள் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வனத்துறை வாட்சர்கள் இரண்டு பேர் மேட்டுக்குப் போனார்கள். டிரைவர் ஜீப்போடு அக்கரையில் நின்றார். யானைக்குப் பக்கத்தில் நானும் தம்பியும் மட்டும்.

புண்ணைத் திறந்தேன். சீழ் வெளியேறியது. கழுவினேன், மருந்து வைத்தேன். தம்பி அதன் காதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாட்சைப் பார்த்தான். பிறகு பழைய காலரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். ஈறைப் பார்த்தேன், நல்ல இளஞ்சிவப்பு. மூச்சு ஒழுங்காக இருந்தது. குறட்டைகூட வந்தது.

"முடிஞ்சுதுல்ல. எழுப்பு" என்றான்.

"இதயத்தை ஒரு தடவை கேட்டுட்டு."

காதை வைத்தேன். இதுவே கடைசி என்று தெரிந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அக்கா."

"இன்னும் கொஞ்சம்டா."

"அக்கா, எழுந்திரு. இது சரியில்ல." என்னை இழுத்து எழுப்ப அவனுக்குக் கை வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தான். சாமானெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டால் நான் எழுப்பித்தானே ஆக வேண்டும் என்று நினைத்திருப்பான். அந்த அவசரத்தில் தொடையில் குத்தியிருந்த டார்ட்டை அவனே பிடுங்கினான். எப்போதும் அது என் வேலை. அதன் ஊசியில் சின்ன முள் உண்டு. தோலோடு பிடித்துக்கொள்ளும். பலமாக இழுத்தான். அது பிய்த்துக்கொண்டு வந்த வேகத்தில் கையுறையைக் கிழித்து அவன் கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. புதுக் கையுறையாக இருந்தாலும் கிழிந்திருக்கும். ஸ்டோர்காரரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அவன் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, குத்திடுச்சு" என்றான். சின்ன வயதில் முள் குத்தினால் சொல்வானே, அதே மாதிரி.

இந்த மருந்து யானைக்கென்று செய்தது. டார்ட்டில் மிஞ்சிய ஒரு துளியே மனிதனுக்கு அதிகம். முதலில் தலை சுற்றும், பிறகு தூக்கம் வரும், பிறகு உடம்பு மூச்சு விடுவதையே மறந்துவிடும். அதனால்தான் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே மனிதனுக்கான முறிமருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைக்கிறோம். அந்த ஊசி என் இடுப்புப் பையில் இருந்தது. காலையில் நானே ஏற்றி வைத்தது. அவன் முன்னாலேயே சரிபார்த்தது.

நான் பதறவில்லை. காயத்தை அழுத்திக் கழுவினேன். அவன் டீச்சரின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தான். "தலை சுத்துது" என்றான். கண் செருகிக்கொண்டு போனது. நான் அவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்தேன். மல்லாந்து படுத்தால் நாக்கு தொண்டையை அடைக்கும். தாடையைத் தூக்கிப் பிடித்தேன். வெயில் முகத்தில் அடித்தது, என் துப்பட்டாவை மடித்து அவன் கண்ணில் போட்டேன். நெற்றியிலும் காதிலும் தண்ணீர் ஊற்றினேன். நாடியைப் பிடித்துக்கொண்டேன். யானைக்கு என்னவெல்லாம் செய்வேனோ அத்தனையும் அவனுக்குச் செய்தேன். ஒன்றில்கூடக் குறை வைக்கவில்லை.

வாக்கி டாக்கியில் டிரைவர் கேட்டார். "டாக்டரம்மா, முடிஞ்சுதா? வரலாமா?"

"இன்னும் நேரம் ஆகும். யாரும் கிட்ட வர வேண்டாம்" என்றேன்.

டிரைவர் இதை உங்களிடம் சொல்லியிருப்பார். யானையைப் பற்றித்தான் சொன்னேன் என்று இரண்டு பேருமே நினைத்திருப்பீர்கள்.

அவன் நெஞ்சில் காதை வைத்தேன். மருந்து நாடியை மெதுவாக்கும். வர வர அவன் இதயமும் டீச்சருடையதைப் போல நிதானமாக அடித்தது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் அவன். இரண்டு மூச்சும் மாறி மாறிக் கேட்டது. அவன் எவ்வளவோ நாளாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தான். இப்போது அந்தச் சுருக்கமெல்லாம் போய்விட்டது. பையைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் தெரியும். அடுத்த மூச்சுக்குத் திறப்போம் என்று இருந்தேன். திறக்கவில்லை. அவன் எழுந்தால் நான் டைரக்டர் அறைக்குப் போக வேண்டும் என்பதும் தெரியும். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவன் மூச்சு நின்ற பிறகு பையைத் திறந்தேன். ஊசியை முழுவதுமாக அவன் தொடையில் போட்டேன். உங்கள் மருத்துவ அறிக்கையில் ஊசித் தடம் இருக்கிறது, முறிமருந்தும் தொடையில் இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். சரிதான். முறிமருந்து உடம்பில் பரவவில்லையே என்று அந்த டாக்டர் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். நல்ல டாக்டர். அவரைக் கேட்டால் மீதியைச் சொல்லுவார்.

பிறகு டீச்சருக்கு முறிமருந்து போட்டேன். அது எழுந்து நின்றது. அவனை மோந்து பார்த்தது. தும்பிக்கையால் அவன் தோளை ஒரு தட்டுத் தட்டியது. பிறகு ஓடையைத் தாண்டிப் போனது. இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவன் அறை பூட்டிக் கிடக்கிறது. புள்ளியைப் பார்க்க ஆள் இல்லை. யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணி, கடைசியா ஏதாவது சொன்னாரா?" இல்லை என்றேன். நீங்களும் அதைத்தான் அன்றைக்குக் கேட்டீர்கள். உங்களிடமும் இல்லை என்றேன். அது பொய்.

கண் செருகுவதற்கு முன் அவன் வாய் குழற, "அக்கா, ஊசி" என்றான். சட்டைக் கையை மேலே தள்ளிவிட முயன்றான், முடியவில்லை. நான் தள்ளிவிட்டேன். புஜத்தில் நகத்தால் ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. இனிமே ஒண்ணும் ஆகாது. தூங்கு."

"சரிக்கா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பயப்படவே இல்லை. முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தூங்குவது போலிருக்கிறது என்றார்கள். ஒரு மனிதன் அவ்வளவு நிம்மதியாகப் போனதற்கு நான்தான் காரணம். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.